இடிக்காமல் விட்ட வீடு

தெல்லிப்பழைச் சந்தியைத் தாண்டி வடக்கே போகும் ஒழுங்கைகளில் இரண்டு வகையான வீடுகளைக் காணலாம். ஒன்று, மீளக்குடியேறியவர்கள் கட்டிய, ஒரே அச்சில் வார்த்தது போன்ற சிறிய சீமெந்து வீடுகள். மற்றையது, கூரையும் கதவும் யன்னலும் இன்றிப் பற்றைக்குள் நிற்கும் பழைய கல்வீடுகளின் சுவர்கள். இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு வீட்டைக் கணவனும் மனைவியுமாக இருவர் பெரும்பாலும் தம் கையாலேயே திருத்திக் குடியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 2023 ஆம் ஆண்டில் அங்கே போனோம். ஒரு நாளில் எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் போனோம். பிறகு 2024 இல் மேலும் இரண்டு தடவை போகவேண்டி வந்தது.

எமது வாசகர்களில் பலர் முகாமிலும் உறவினர் வளவிலும் குத்தகைக் காணியிலும் இருந்துகொண்டு, விடுபட்ட அல்லது விடுபடக் காத்திருக்கும் தம் காணியில் நிற்கும் சுவர்களை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள். அவர்களை மனதில் வைத்தே இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம். தங்கள் பெயரும் ஊரின் பெயரும் வரவேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். "செய்த வேலையை எழுதுங்கோ, ஆளை எழுதாதேங்கோ" என்றார் அக்கா. ஆகவே அவர்களை அண்ணை என்றும் அக்கா என்றும் மட்டுமே குறிப்பிடுகிறோம்.

வீடு அக்காவின் சீதனம். புகையிலை வியாபாரத்தில் சேர்த்த பணத்தில் அவருடைய பாட்டனார் கட்டியது. முன்னே விறாந்தை, நடுவே ஹோல், இரு பக்கமும் இரண்டு அறைகள், மேற்குப் புறமாக ஒரு நீள அறை, பின்னே தனியாகக் குசினி. சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்பு. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கற் பாறை அல்லவா? கிணறு வெட்டும்போது வந்த கல்லே வீட்டுக்கும் கல்லானது. அந்தக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி எழுப்பிய சுவர் அது. சீமெந்து ஒரு பிடி கூட இல்லை. இந்த ஒரு விடயத்தை மறந்ததால் அவர்கள் பட்ட நட்டத்தைப் பின்னர் சொல்கிறோம்.

1990 ஆனியில் ஊர் எழும்பியபோது அக்காவுக்கு 22 வயது. இடம்பெயர்ந்த இடத்தில்தான் கலியாணம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது கையில் ஒரு பிள்ளை. 1996 இல் திரும்பியும் சொந்த ஊருக்குள் போக வழியில்லை. மல்லாகத்துப் பக்கத்தில் முகாம், பின்னர் குத்தகைக் காணியில் கொட்டில், பிறர் தோட்டத்தில் வெங்காயம். காணி உறுதியை அக்காவின் தாயார் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு எல்லா இடப்பெயர்விலும் காவித் திரிந்தார். 2018 சித்திரையில் அந்தப் பகுதி விடுபட்டது. அண்ணையின் சொந்தக் காணி வேறு இடத்தில் இருக்கிறது. 2024 இல் நாம் கடைசியாகப் போனபோதும் அது விடுபட்டிருக்கவில்லை. ஆக, அந்தக் குடும்பத்துக்கு நிற்க இருந்த நிலம் இது ஒன்றுதான்.

இடிப்பதா, விடுவதா?

முதல் நாள் போய்ப் பார்த்தபோது ஹோலின் நடுவே ஒரு வேம்பு கூரையில்லா இடைவெளியால் மேலே வளர்ந்து நின்றதாம். ஓடு, வளை, கதவு, நிலை ஒன்றும் இல்லை. வடக்குச் சுவரில் அரசமரம் வேர்விட்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் இடிக்கவே சொன்னார்கள். பெக்கோ பிடித்தால் அரை நாள் வேலை, கல்லையும் விற்கலாம். அண்ணையும் அந்தப் பக்கம்தான்.

"எனக்கு அந்த வீட்டிலை ஒரு ஞாபகமும் இல்லை. நான் கண்டது பாம்பும் பற்றையும்தான். இவவுக்குச் சொன்னனான், உமக்கு விசரே, இதைக் கட்டுற காசுக்கு இரண்டு வீடு கட்டலாமெண்டு" என்று அவரே எமக்குச் சொன்னார்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. "அம்மா ஒருக்கால் வந்து பார்க்கட்டும், பிறகு இடிப்பம்" என்று மட்டும் சொல்லி ஒரு மாதம் தள்ளிப்போட்டார். அந்த மாதத்துக்குள் ஊரின் பழைய மேசனார் ஒருவரைக் கூட்டி வந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். அவர் ஒரு சுத்தியலால் சுவரைத் தட்டித் தட்டி வீட்டைச் சுற்றிவந்து, "சுவர் சாகேல்லை மோனை. தலை மூடாததாலை நனையுது, அவ்வளவுதான்" என்றாராம்.

வீட்டுத் திட்டங்களின் கணக்கும் இடிக்கும் எண்ணத்துக்கு ஒரு காரணம் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். 2012 முதல் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் புது வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் கொடுக்கப்பட்டன. நிற்கும் சுவரை இடித்துவிட்டுப் புது வீட்டுக்கு விண்ணப்பிப்பதே புத்தி என்று எவரும் நினைப்பர். இவர்கள் காணி விடுபடும் முன்னரே அத்திட்டம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பின்வந்த ஒரு பட்டியலிலும் பெயர் வரவில்லை. பெயர் வந்திருந்தால் இடித்திருப்பீர்களா என்று கேட்டோம். அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா பதில் சொல்லவில்லை.

எல்லாப் பழைய சுவரையும் காப்பாற்றலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஷெல் விழுந்து அத்திவாரம் வரை பிளந்த சுவரும், தூக்குக்குண்டு பிடித்தால் வெளிப்புறம் சாய்ந்து நிற்கும் சுவரும் உயிராபத்து. அவற்றுக்குக் கீழே பிள்ளைகளை விடவே கூடாது. ஆனால் இடிப்பது எப்போதும் செய்யக்கூடிய வேலை. இடித்ததை மீட்கத்தான் முடியாது.

ஒரு மாரியைப் பார்த்திருந்தார்கள்

கண்ணிவெடி அகற்றுவோர் வளவைத் துப்புரவு செய்து உறுதிப்படுத்தும் வரை ஒரு பற்றையையும் அவர்கள் வெட்டவில்லை. கிணற்றையும் தொடவில்லை. கிணற்றுக்குள் என்ன எறியப்பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவசரப்பட்டுக் கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பின்னும் 2018 மாரி முடியும் வரை ஒரு கல்லும் வைக்கவில்லை. செய்தவை மூன்று வேலைகள். வேம்பையும் அரசையும் வெட்டினார்கள். அரசைப் பிடித்து இழுக்காமல் சுவரோடு சேர்த்து வாளால் அறுத்து, வேர் ஓடிய இடத்துக் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வேரை எடுத்துவிட்டு அதே கற்களை மீண்டும் வைத்தார்கள். உள்ளே அகப்பட்ட வேர் திரும்பவும் துளிர்த்தது. துளிர்க்கத் துளிர்க்க இலையைக் கிள்ளினார்கள். இலை இல்லாமல் வேர் எத்தனை நாள் வாழும்? இரண்டு வருடத்தில் அடங்கிவிட்டது.

இரண்டாவது, சுவர்களின் தலையைப் பழைய தகரத்தால் மூடிக் கல் பாரம் வைத்தார்கள். கூரையில்லாத கல்வீட்டின் முதல் எதிரி மேலிருந்து சுவரின் நடுவுக்குள் இறங்கும் மழைதான். கூரை போடக் காசில்லாத குடும்பமும் இந்த ஒரு வேலையைச் செய்யலாம். சுவர் இன்னும் சில மாரிகளுக்கு நிற்கும்.

மூன்றாவது வேலை மேசனார் காட்டியது. சுவரில் ஐந்து இடங்களில் வெடிப்பு இருந்தது. உடைந்த யன்னல் கண்ணாடியிலிருந்து விரல் அகலத் துண்டுகள் வெட்டி, வெடிப்பின் குறுக்கே வைத்து, இரு நுனிகளையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் திகதியைக் கீறிவிட்டார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் அது பழைய வெடிப்பு, அடைத்துவிட்டுப் போகலாம். மாரி முடிந்து பார்த்தபோது நான்கு கண்ணாடி அப்படியே இருந்தன. குசினியின் மூலையில் ஒட்டியது மட்டும் இரண்டாகி இருந்தது. அந்த மூலையில் ஏதோ நடக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

இவற்றையெல்லாம் அக்கா ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். வெங்காயம் விற்ற கணக்கும் அதே கொப்பியில்தான். ஒரு பக்கத்தில் "வெங்காயம் 4 அந்தர்", அதன் கீழே "ஆணி, கயிறு, வாளி 2" என்று இருக்கிறது. நாம் எழுதும் விவரங்களில் பெரும்பகுதி அந்தக் கொப்பியிலிருந்து வந்தவை.

கூரை

2019 இல் சிறுபோக வெங்காயக் காசு கைக்கு வந்ததும் கூரையைத் தொடங்கினார்கள். முழு வீட்டுக்கும் அல்ல, ஹோலுக்கும் இரண்டு அறைகளுக்கும் மட்டும். அந்தக் காசு அதற்குத்தான் போதுமாக இருந்தது.

பனை தறிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும். முற்றிய பனையாகவும் இருக்க வேண்டும். ஆகவே பழைய வீடு பிரிக்கும் இடங்களுக்குப் போய்ப் பாவித்த பனை வளைகளையும் சிலாகைகளையும் வாங்கினார்கள். பனையில் வெளிப்புறத்துக் கறுப்பு வைரம்தான் பலம். நடுப்பகுதி மென்மை. கத்தி நுனியால் நெடுகக் குத்திப் பார்த்து, நுனி இறங்காத மரத்தை எடுத்தார்கள். பழைய வளையில் முதலில் பழுதாவது சுவருக்குள் இருந்த இரண்டு முனைகள். அவற்றை வெட்டி எறிந்துவிட்டால் நடுமரம் சிறிய அறைக்குப் போதும். கறையானுக்காகக் கழிவு ஒயில் பூசினார்கள். ஒரு வருடம் வரை வீடு கராச் போல மணத்தது என்று அக்கா குறைப்பட்டார்.

முகட்டு வளை ஏற்றும் வேலையை அவர்கள் தாமே செய்யவில்லை. ஓடாவியார் ஒருவரை ஒன்பது நாளுக்குப் பிடித்தார்கள். தூக்கும் நாளில் அயலவர் ஆறு பேர் வந்து கைகொடுத்தார்கள். கூரை வேலையில் தெரியாத கையால் முகட்டைத் தொடக்கூடாது என்பது அண்ணையின் கண்டிப்பான கருத்து. அதற்குக் காரணம் உண்டு. பிந்திய ஒரு நாளில் ஏணி சறுக்கி விழுந்து அவருடைய வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அந்தப் போகத்தில் வெங்காயமும் இல்லை, வீட்டு வேலையும் இல்லை. கொப்பியில் அந்த நான்கு மாதத்துக்கும் ஒரு வரிதான் இருக்கிறது: "கை."

ஓட்டின் கதை வேறு. வளவைக் கொத்தும்போது மண்ணுக்குள்ளிருந்து 400 வரை நல்ல ஓடுகள் கிடைத்தன. மீதியைப் பிரிக்கும் வீடுகளில் வாங்கினார்கள். நாம் கலிக்கட் ஓடு என்றும் சீமை ஓடு என்றும் சொல்வது மேற்கு இந்தியக் கரையிலிருந்து வந்த ஓடு. 1865 இல் மங்களூரில் முதலாவது தொழிற்சாலையைத் தொடங்கியது சுவிற்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ மிசன். அதைப் பார்த்துக் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலும் பல தொழிற்சாலைகள் வந்தன. ஒவ்வொன்றும் ஓட்டின் முதுகில் தன் பெயரை அச்சிட்டது. அந்த அச்சு வெறும் அலங்காரம் அல்ல என்பதை இவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒரு தொழிற்சாலை ஓட்டின் பள்ளத்தில் இன்னொன்றின் ஓடு சரியாகப் பொருந்தாது. கலந்து அடுக்கினால் அந்த இடத்தில் ஒழுகும். ஆகவே முதுகைப் பார்த்துப் பார்த்துத் தரம் பிரித்து, ஒரே அச்சு ஓட்டை ஒரே பக்கத்துக்கு வைத்தார்கள். இந்த வேலையை அக்காவும் மகளும் ஐந்து பின்னேரங்களில் செய்தார்கள். ஒவ்வொரு ஓட்டையும் தொங்கப் பிடித்து விரலால் சுண்டிப் பார்த்தார்கள். கிண் என்றால் நல்லது. அடைத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும்.

சிலாகை எத்தனை அங்குலத்துக்கு ஒன்று அடிப்பது? ஓடாவியார் கணக்குச் சொல்லவில்லை. ஓட்டையே கேட்கச் சொன்னார். பத்து ஓட்டை நிலத்தில் வரிசையாகக் கொளுவி, இழுக்கக் கூடியவரை இழுத்து அளந்தார்கள். பிறகு நெருக்கக் கூடியவரை நெருக்கி அளந்தார்கள். இரண்டுக்கும் நடுவான அளவை ஓட்டின் எண்ணிக்கையால் பிரித்ததே சிலாகை இடைவெளி. ஓட்டு வகை மாறினால் இந்த அளவும் மாறும். எத்தனை ஓடு வேண்டும் என்று கேட்போருக்கு: கூரையின் சரிவில் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 எடுக்கும். உடைவுக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

2019 ஐப்பசி மழைக்கு நான்கு நாள் முன்னர் கடைசி ஓடு ஏறியது.

சீமெந்து செய்த வேலை

கூரை ஏறிய உற்சாகத்தில் முன்னறைக்கு உடனே சீமெந்துப் பூச்சுப் பூசினார்கள். மேசனார் வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்கவில்லை. பூசிப் பார்க்க அழகாக இருந்தது. நிறமும் அடித்தார்கள். தை மாதம் நிலத்திலிருந்து இரண்டடி உயரம் வரை சுவர் ஈரமாகி, நிறம் கொப்புளித்து, வெள்ளை உப்புப் பூத்தது. பங்குனியில் பூச்சு தகடு தகடாகக் கழன்று விழத் தொடங்கியது.

ஏன் அப்படி? கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் நிலத்து ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். உறிஞ்சியதைச் சுண்ணாம்புப் பூச்சின் ஊடாகக் காற்றுக்கு விட்டுவிடும். அதன் மேல் சீமெந்தைப் பூசும்போது ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. வெளியே வர வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது, கரைந்த உப்பையும் கொண்டு போகிறது. மேலும், மெதுவான சுவரின் மேல் கடினமான தோல் பொருந்தி நிற்பதில்லை. வெயிலுக்கும் மழைக்கும் சுவர் அசையும்போது தோல் விட்டுவிடும். புது சீமெந்துக்கல் வீட்டுக்கு நல்லதாக இருக்கும் பூச்சு, இந்தச் சுவருக்கு மூச்சடைப்பு.

உளியும் சுத்தியலும் எடுத்து அந்த அறையின் பூச்சு முழுவதையும் அவர்களே கொத்திக் கழற்றினார்கள். 2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்து சந்தையும் போக்குவரத்தும் நின்றிருந்த காலம். வேறு வேலையும் இல்லை. பத்தொன்பது பை சீமெந்து வீணானது என்று கொப்பி சொல்கிறது. "அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார் இவர். நான் விடேல்லை" என்றார் அக்கா.

சுண்ணாம்பு

பிறகுதான் மேசனாரிடம் முறையாகப் படித்தார்கள். முன்னாளில் கடற்கரையிலிருந்து முருகைக்கல் எடுத்துச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு வந்தது. 1988 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது தடை செய்யப்பட்டது. கரையைக் காப்பதும் அதுதான் என்பதால் அந்தத் தடை சரியானதே. இவர்கள் நிலத்துச் சுண்ணாம்புக்கல்லில் சுட்ட கல்லைச் சாக்குச் சாக்காக வாங்கினார்கள்.

நீற்றும் வேலையில் கவனம் வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர் விட்டு, அதற்குள் சுட்ட கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். தொட்டி கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீற்றும் நாளில் பிள்ளைகளை வளவுக்குள் விடவில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்திருந்தார்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், நிறைய நேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீறிய சுண்ணாம்பைச் சல்லடையால் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குழியில் மூன்று மாதம் விட்டார்கள். தயிர் போல இறுகியது. பழகப் பழக நல்லது என்பார் மேசனார். இதில் ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடாது, அதன் உப்பு சுவரில் பூக்கும். பழைய ஆட்கள் பனங்கட்டி கரைத்த தண்ணீர் விட்டுக் குழைத்ததாகவும் மேசனார் சொன்னார். பனங்கட்டி தேத்தண்ணிக்கே இல்லாத காலத்தில் அதைச் சுவருக்குக் கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை.

சுவரை நன்றாக நனைத்து, கையால் எறிந்து, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு பூச்சு. அது இறுகிய பின்னரே அடுத்தது. சீமெந்து போல நாளைக்கே இறுகும் பொருள் அல்ல சுண்ணாம்பு. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை மெல்ல மெல்ல எடுத்து மீண்டும் கல்லாகிறது. அதனால் வேகமாகக் காய விடக்கூடாது. நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு கிழமை நிழல் கொடுத்தார்கள். கடைசியாக, பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு ஐந்து தடவை. தடிப்பாக ஒரு தடவை அடித்தால் உரிந்துவிடும்.

காலையில் தோட்டம், வெயில் தணிந்ததும் சுவர். இருவரும் சேர்ந்து ஒரு பின்னேரத்தில் ஏறக்குறைய ஒரு பாய் அகலம் பூசினார்களாம். கைமுறிவுக்குப் பின் அண்ணை குழைத்துக் கொடுத்தார், அக்கா பூசினார். இப்பொழுது அயலிலுள்ளவர்கள் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கேட்டு வருவது அக்காவிடம்தான். அதைச் சொல்லும்போது அண்ணைக்கு முகத்தில் வந்த சிரிப்பை நாம் கவனித்தோம்.

2022 இல் சீமெந்து விலை எட்டாத இடத்துக்குப் போய், எண்ணெய்க்கு வரிசை நின்ற காலத்தில், ஊரில் அரைகுறையாக நின்ற புது வீடுகள் பல அப்படியே நின்றன. இவர்களுடைய குழியில் சுண்ணாம்பு இருந்தது.

பங்கர் மூலை

கண்ணாடி உடைந்த குசினி மூலைக்கு 2021 இல் வந்தார்கள். மூலைக்கு வெளியே நிலம் சற்றுத் தாழ்ந்திருந்தது. கொத்தியபோது பங்கர். யார் வெட்டியது, எந்த ஆண்டில் என்று கேட்டுப் பயனில்லை. சுவரின் காலோடு சேர்த்து வெட்டியிருந்ததால் அத்திவாரத்தின் ஒரு பக்கம் பிடியில்லாமல் நின்றது. மாரித் தண்ணீர் அந்தக் குழிக்குள்தான் இறங்கியது. மூலை அசைந்ததற்குக் காரணம் அதுதான். வேலையை நிறுத்தி, கண்ணிவெடிக் காரருக்கு மீண்டும் அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகே தொடர்ந்தார்கள்.

பங்கரின் மேலே ஒன்பது பனந்தீராந்திகள் கிடந்தன. முதல் மரத்தைத் தூக்கி மண்ணைத் தட்டியபோது அக்கா அப்படியே இருந்துவிட்டாராம். மரத்தின் ஒரு முனையில் ஊஞ்சல் கட்டிய இரும்பு வளையம் இருந்தது. ஹோலில் இருந்த தீராந்தி. அவரும் சகோதரர்களும் ஆடிய ஊஞ்சல்.

ஒன்பதில் ஏழு கறையானுக்கும் ஈரத்துக்கும் போய்விட்டன. மேலேயிருந்த இரண்டு நன்றாக இருந்தன. மூலையை மேலிருந்து கீழாகக் கழற்றி, குழியை அரை அடிக்கு ஒரு தரம் மண்ணும் கல்லும் போட்டு நனைத்து இடித்து நிரப்பி, அதே கற்களால் மூலையைத் திரும்பக் கட்டினார்கள். அதன் மேல் அந்த இரண்டு தீராந்திகளையும் போட்டார்கள். வளையம் இப்பொழுது குசினியில் தொங்குகிறது. அதில் ஒரு பன்னாங்குக் கூடை. உள்ளே வெங்காயம்.

ஆச்சி

தாயாரை, நாம் ஆச்சி என்போம், முதல் தடவை 2018 இல் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வைத்து வளவுக்குள் கொண்டுவந்தார்கள். அழவில்லையாம். சுற்றிப் பார்த்துவிட்டு, "கிணத்தடித் தண்ணி வாழைக்கல்லோ போறது, ஆர் வாய்க்காலை மறிச்சது?" என்று கேட்டாராம். வாய்க்கால் எங்கே இருந்தது, விறாந்தை ஏன் ஒரு பக்கம் சரிவு, எந்த அறைக்கு எந்தப் பக்கம் காற்று என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் காட்டிய இடத்தில் கொத்தியபோது வாய்க்காலின் கல் அப்படியே வந்தது. அதைத் திறந்த பின்னரே தெற்குச் சுவரின் ஈரம் குறைந்தது. பழைய வளவுக்குத் திரும்புவோர், வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கூட்டிப்போய்க் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

2020 ஆவணியில் ஆச்சி அங்கே குடிவந்தார். அடுத்த வருடம் கார்த்திகையில் அந்த வீட்டிலேயே காலமானார்.

செலவு எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். 2024 வரை கொப்பிக் கணக்கு ஏறக்குறைய 11 இலட்சம் ரூபா. பாதிக்கு மேல் கூரைக்குப் போயிருக்கிறது. தங்கள் இருவரின் கூலியை அவர்கள் எழுதவில்லை. அதையும் சேர்த்தால் சிறிய புது வீடு ஒன்று இதை விடக் குறைவாக, ஒரே வருடத்தில் முடிந்திருக்கும். ஆகவே பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று எவரும் இதில் இறங்க வேண்டாம். ஆனால் 11 இலட்சத்தை ஒரே தரத்தில் இவர்கள் எங்கே கண்டார்கள்? வெங்காயம் விற்றபோது ஓடு, விற்காதபோது கொத்து வேலை, காசே இல்லாதபோது மணல் கழுவல். நடுவில் நின்றாலும் நின்ற அளவில் ஓர் அறை இருந்தது. கடன் இல்லை. நகை ஒன்று அடைவில் போனது, மீட்டுவிட்டார்கள்.

"இப்ப என்ன சொல்லுறியள், இடிச்சிருக்க வேணுமோ?" என்று அண்ணையைக் கேட்டோம். அவர் எழும்பிப் போய் முன்சுவரில் கையை வைத்தார். வெளியே சித்திரை வெயில். "வைச்சுப் பாருங்கோ" என்றார். சுவர் குளிர்ந்திருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் உள்ளேயிருந்து, "இஞ்சேருங்கோ, ஆக்களுக்குத் தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டார்.

மேற்குப் புற நீள அறைக்கு இன்னும் கூரை இல்லை. சுவர்த் தலையில் அதே பழைய தகரம், மேலே கல். அதற்கு 900 ஓடு வேண்டும், 580 சேர்ந்திருக்கிறது. சுவரோரமாக அச்சுப் பார்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்காவது பழைய வீடு பிரிப்பதாகக் கேள்விப்பட்டால், ஓட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத் தங்களுக்குச் சொல்லி அனுப்பும்படி நாம் புறப்படும்போது இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.